பரிவாரம்: குடும்பமா, ஆள் அம்பா?

கேள்வி (2023 ஜூன் 3)

"பரிவாரம் என்பது பரிவு + ஆரம். தலைவன்மேல் பரிவு கொண்டு ஆரம் போலச் சூழ்ந்து நிற்பவர்கள். தூய தமிழ்ச் சொல். இந்திக்காரர்கள் இதை எடுத்துக்கொண்டு குடும்பம் என்று பொருளை மாற்றிவிட்டார்கள். சரிதானே?"

ஜூன் 3, இரவு

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சரியில்லை. பரிவாரம் வடசொல். 'பரி' என்றால் சுற்றிலும். அதற்குப் பின்னால் வருவது 'வ்ரு' என்ற வேர், மூடு, சூழ் என்ற பொருளில். வடமொழி அகராதியைப் பிரித்தால் பரிவாரத்துக்கு ஏவலர் கூட்டம் என்ற பொருளோடு வாளின் உறை, ஊரைச் சுற்றிய வேலி என்ற பொருள்களும் கிடக்கின்றன. வேலிக்கும் வாளுறைக்கும் பரிவு எங்கிருந்து வரும்?

பரிவு வேறு குடும்பத்துச் சொல். பெரிய மனிதர்களைச் சுற்றி நிற்பவர்களைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தவர்கள் இந்தப் பிரிப்பைச் சொல்ல மாட்டார்கள்.

ஜூன் 4

இன்னொருவர் வந்து, பரி என்றால் குதிரை, ஆகவே பரிவாரம் என்றால் குதிரைப் படை என்கிறார். விட்டால் பரிமாறுவதும் குதிரை மாற்றுவதாகிவிடும்.

கூடவே வந்த இரண்டு சந்தேகங்களையும் முடித்துவிடுகிறேன். கோயிலில் மரியாதையாகத் தலையில் கட்டும் பரிவட்டம் துணி சம்பந்தப்பட்டது. கல்வெட்டுகளில் துணிக்குப் பரிசட்டம் என்றே வரும். வண்டி உரிமம் எடுக்கும் இணையதளம் 'பரிவாகன்'. அது வாகனப் போக்குவரத்து. இரண்டும் நம் சொல்லிலிருந்து வந்தவை இல்லை.

ஜூன் 6

இந்தியைப் பற்றிய பகுதி சுவாரசியமானது. நாக்பூரில் வேலையாக இருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் முதல் நாளே, "பரிவார் எங்கே?" என்று விசாரித்தார். எனக்கு இருந்த இந்தி அறிவில் அவர் என் ஏவலாட்களைத்தான் கேட்கிறார் என்று பட்டது. நான் சாதாரண குமாஸ்தா, எனக்கு ஏது பரிவாரம் என்றேன். அவர் முகத்தில் அப்படியொரு இரக்கம். சாயங்காலம் அவர் வீட்டிலிருந்து சப்பாத்தி வந்துவிட்டது. திக்கற்றவன் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இந்தியிலும் மராத்தியிலும் பரிவார் என்றால் பெண்டாட்டி பிள்ளைகள். கல்யாணப் பத்திரிகையில் 'சபரிவார்' வரச் சொல்வார்கள். அதாவது குடும்ப சகிதம். வங்காளிகள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். பழைய வங்காளப் பேச்சில் பரிவார் என்றால் மனைவி ஒருத்தி மட்டும். இதைக் கேட்டு நாம் சிரிக்க முடியாது. நம்மூரில் 'என் சம்சாரம்' என்று யாரைச் சொல்கிறோம்?

அப்புறம் பரிசனம். தமிழிலும் வடமொழியிலும் பரிசனம் என்றால் பணியாட்கள். இந்திச் செய்தித்தாளில் விபத்துச் செய்தி படித்துப் பாருங்கள், 'பரிஜன்' கதறி அழுதார்கள் என்று இருக்கும். அங்கே பரிஜன் என்றால் வீட்டார். ஒரே மொழியில் இரண்டு சொற்கள் ஒரே மாதிரி வேலைக்காரரிலிருந்து வீட்டாருக்கு நகர்ந்திருக்கின்றன.

இலத்தீனிலும் இதே கதைதான். 'ஃபமிலியா' என்றால் முதலில் ஒரு வீட்டில் இருந்த அடிமைகளும் வேலையாட்களும். 'ஃபமுலஸ்' என்றால் பணியாள். ஃபேமிலி என்று இன்று நாம் பெருமையாகச் சொல்வது அந்த வழியில் வந்தது.

ஆகவே இந்திக்காரர்கள் யாரிடமிருந்தும் எதையும் திருடவில்லை. சொல் அதன் பாட்டுக்கு நகர்ந்தது.

ஜூன் 6, சற்றுப் பின்

சிவப்பு முக்கோணத்துக்குக் கீழே 'பரிவார் நியோஜன்' என்று எழுதியிருப்பார்கள், நினைவிருக்கிறதா? குடும்பக் கட்டுப்பாடு. தமிழ்ப் பொருளில் படித்தால் பரிவாரக் கட்டுப்பாடு. நம் ஊர்ப் பிரமுகர்கள் சிலருக்கு அவசரமாகத் தேவைப்படும் திட்டம்.

ஜூன் 9

"தமிழில் இதற்குச் சொந்தச் சொல் இல்லையா?" என்று கேட்டவருக்கு.

ஏன் இல்லை? சுற்றம் இருக்கிறது. சுற்று என்பதிலிருந்து சுற்றம். பரிவாரம் எந்த மாதிரி அமைந்ததோ அதே மாதிரி இதுவும் சுற்றி இருப்பவர்கள் என்ற கருத்தில் அமைந்தது. இன்று கல்யாணப் பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும் சூழ' என்று போடும்போது உறவினரைத்தான் நினைக்கிறோம். குறளில் 'சுற்றந்தழால்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அங்கேயும் உறவுதான். ஆனால் பழைய பாட்டில் அரசனுடைய சுற்றம் என்றால் அவனோடு அவையில் இருக்கும் அமைச்சர் முதலானவர்களும் சேர்த்தி. பெரும்பாணாற்றுப்படையில் தொண்டைமான் இளந்திரையன் 'உரும்பில் சுற்றமோடு' இருக்கிறான். முறை வேண்டி வருகிறவர்களுக்கும் குறை சொல்லி வருகிறவர்களுக்கும் அருள் செய்கிறான். அப்போது அவனைச் சுற்றி உட்கார்ந்திருப்பது மாமன் மச்சான் கூட்டம் இல்லை. மாமன் மச்சானும் இருந்திருக்கலாம், அது வேறு விஷயம்.

பின்னால் வந்த நிகண்டுக்காரர்கள் அரசனுக்கு 'உறுதிச் சுற்றம்' என்று ஐந்து பேரைச் சொல்வார்கள். நண்பர், அந்தணர், சமையற்காரர், மருத்துவர், நிமித்தம் பார்ப்பவர். இதில் சமையற்காரரைச் சேர்த்தவன் கெட்டிக்காரன். அரசனை எளிதாகக் கொல்லக்கூடியவர்கள் சமையற்காரரும் மருத்துவரும்தான். அவர்களைச் சுற்றத்தில் வைத்துக்கொள்வதுதான் புத்தி.

சூழ் என்ற வினையையும் விட்டுவிடக் கூடாது. வள்ளுவர் அமைச்சரைச் 'சூழ்வார்' என்கிறார். ஆராய்ந்து சொல்பவர் என்று அங்கே பொருள். சூழ்ச்சி என்றாலும் அந்தக் காலத்தில் ஆலோசனைதான். பிற்காலத்தில் சூழ்ச்சிக்கு என்ன பொருள் வந்து சேர்ந்தது என்று உங்களுக்கே தெரியும். அரசனைச் சுற்றி இருந்தவர்களின் ஆலோசனை எந்த லட்சணத்தில் இருந்ததோ!

ஜூன் 14

6ஆம் தேதி எழுதியதைப் படித்துவிட்டு, இந்தியிலும் இலத்தீனிலும் நடந்தது தமிழில் நடக்கவில்லை என்று சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நடந்திருக்கிறது. பரிவாரம் என்ற சொல்லில் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

சோழர் கல்வெட்டில் 'வேளத்துப் பெண்டாட்டி' என்று வரும். வேளம் என்பது அரண்மனையைச் சேர்ந்த பணிப்பெண்கள் இருந்த இடம். அங்கே பணியிலிருந்த பெண் பெண்டாட்டி. விளக்குக்குக் கொடை கொடுத்த செய்தியில் எல்லாம் இப்படிப்பட்டவர்கள் வருகிறார்கள். அரண்மனை ஊழியத்தில் இருந்தாலும் சொந்தமாகக் கொடை கொடுக்கும் அளவுக்குக் கையில் பொருள் இருந்திருக்கிறது. அந்தப் பெண்டாட்டியைத்தான் இன்று வீட்டில் வைத்துச் சொல்கிறோம். சோழர் காலத்துப் பொருளை வீட்டில் விளக்கிச் சொல்லி யாரும் சோற்றுக்கு ஆபத்து தேடிக்கொள்ள வேண்டாம்.

குடிமகன் இன்னொன்று. கிராமத்தில் குடிமகன் என்றால் ஊருக்கு ஊழியம் செய்யும் நாவிதர், வண்ணார் போன்றவர்கள். பதினெட்டுக் குடிமக்கள் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் குடிமை என்றே சொல்வார்கள். என் அப்பா தலைமுறைவரை அந்தப் பொருள் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது குடியரசுத் தலைவரே முதல் குடிமகன்.

அகம்படி என்பது வீட்டுக்குள், அரண்மனைக்குள் செய்யும் பணி. கல்வெட்டில் அகம்படி முதலிகள் உண்டு. தமிழில் அது இன்று ஒரு சமூகத்தின் பெயரில் மட்டும் நிற்கிறது. மலையாளத்தில் சொல் முழு உயிரோடு இருக்கிறது. மந்திரி காருக்கு முன்னும் பின்னும் போகும் போலீஸ் வண்டிக்கு 'அகம்படி வாகனம்' என்று எழுதுகிறார்கள். நம் பத்திரிகைகள் பாதுகாப்பு வாகனம், கான்வாய் என்று திணறிக்கொண்டிருக்கின்றன. கைப்பொருளைத் தொலைத்துவிட்டுக் கடன் வாங்குவதில் நமக்கு ஈடு கிடையாது.

ஜூன் 15

'பரிவாரம் வந்தது' என்பதா, 'பரிவாரம் வந்தனர்' என்பதா?

வந்தது. மனிதர்களாகவே இருந்தாலும் கூட்டமாகச் சொன்னால் அஃறிணை முடிபு. படை வந்தது, கூட்டம் கலைந்தது, குழு முடிவு செய்தது. தொல்காப்பியர் இதற்கு ஒரு பட்டியலே கொடுத்திருக்கிறார். உயர்திணையைக் குறித்தாலும் அஃறிணையாக முடியும் சொற்கள். அதில் குழு இருக்கிறது, விருந்து இருக்கிறது, அடிமை இருக்கிறது, அரசும் இருக்கிறது. அடிமைக்கும் அரசுக்கும் ஒரே விதி. இலக்கணத்தில் மட்டுமாவது.

'பரிவாரத்தார் வந்தனர்' என்று எழுதினால் தப்பில்லை. ஆனால் படிக்கும்போது பெஞ்சில் எழுந்து நிற்பது மாதிரி இருக்கிறது.

ஜூன் 21

கோயில் பரிவாரத்துக்கு வருகிறேன். இந்தச் சொல்லுக்கு மதிப்பு இன்றும் குறையாமல் இருப்பது அங்கேதான்.

புதுக்கோட்டைப் பக்கம் நார்த்தாமலையில் விசயாலய சோழீச்சுரம் இருக்கிறது. பாறைமேல் ஏறிப் போக வேண்டும். மத்தியானத்தில் போனால் செருப்பைக் கழற்றிய கால் பொரிந்துவிடும். நான் போனது அந்த நேரத்தில்தான், வேறு யார் சொல்லியும் கேட்காமல். நடுவில் மேற்கு பார்த்த கோயில். சுற்றிலும் சின்னச் சின்னக் கோயில்கள். முதலில் எட்டு, இப்போது நிற்பவை ஆறு. எல்லாவற்றின் வாசலும் நடுக்கோயிலைப் பார்த்தபடி இருக்கும். உள்ளே பார்க்க வேண்டுமானால் குனிய வேண்டும். குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பினால் பெரிய கோயிலின் சுவர் நேர் எதிரே நிற்கிறது. பரிவாரம் என்றால் என்ன என்று அகராதியைவிட அந்தப் பாறை நன்றாகச் சொல்லிக் கொடுத்தது. நடுவில் இருப்பவரைப் பார்த்தபடி நிற்பதுதான் பரிவாரம். நடுவில் இருப்பவர் இவர்களைப் பார்க்கிறாரா என்பது கணக்கில் வராது.

முற்காலச் சோழர் கோயில்களில் இப்படி எட்டு வைப்பது வழக்கம். அட்டப் பரிவாரம். சூரியன், சந்திரன், கணபதி, முருகன், ஏழு தாயர், சேட்டை, சண்டிகேசர், நந்தி. எழுவரையும் ஒரே கணக்காக எடுத்திருக்கிறார்கள், கவனியுங்கள். ஏழு பெண்களுக்கு ஓர் இடம்! எறும்பூரில் முதல் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, ஸ்ரீவிமானத்தோடு அட்டப் பரிவார ஆலயங்களும் கல்லில் எடுத்ததைச் சொல்கிறது.

இந்த எட்டில் சேட்டை யார் என்று பலருக்குத் தெரியாது. ஜேஷ்டை. மூத்தவள். மூதேவி என்று இன்று வீட்டில் திட்டப் பயன்படுத்துகிறோமே, அவள்தான். பருத்த வயிறு, காக்கைக் கொடி, ஒரு பக்கம் மாட்டு முகத்து மகன், இன்னொரு பக்கம் மகள். சிவன் கோயில் சுற்றில் அவளுக்கென்று ஒரு சன்னதி இருந்த காலம் உண்டு. அப்போதே எதிர்ப்பும் இருந்திருக்கிறது. தொண்டரடிப்பொடியாழ்வார், 'சேட்டைதன் மடியகத்துச் செல்வம் பார்த்து இருக்கின்றீரே' என்று இடித்துரைக்கிறார். பிறகு மெல்ல மெல்ல அவளைப் பரிவாரத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். பல ஊர்களில் சிலை மட்டும் ஏதாவது ஒரு மூலையில், யார் என்றே தெரியாமல் இருக்கும். அவள் போனாள், பிற்பாடு நவக்கிரகம் வந்தது. இன்றைக்குச் சனிக்கிழமை கூட்டம் எங்கே போகிறது என்று பாருங்கள். பரிவாரத்தில் பதவி நிரந்தரம் இல்லை. தலைவருக்கு மட்டும்தான் நிரந்தரம்.

ஜூன் 22

சண்டிகேசர் சன்னதியில் கை தட்டலாமா என்று இங்கே கேட்காதீர்கள். அது தனிச் சண்டை.

ஜூலை 2

அரசனின் பரிவாரம் என்றால் உயிரைக் கொடுக்கும் கூட்டம் என்று ஒருவர் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார். சரித்திரக் கதைகள் நிறையப் படிப்பவர் போலிருக்கிறது. முழுக்கக் கற்பனை என்று தள்ள முடியாது. மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தவர். அரசன் இறந்தால் அவனோடு இருந்த மெய்க்காவலர்கள் சிதையில் குதித்துவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறார். சோழரிடம் வேளைக்காரர் என்ற படை இருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் பல வேளைக்காரப் படைகளின் பெயர்கள் வரிசையாக உண்டு. உற்ற வேளையில் உயிர் கொடுப்பவர்கள் என்று பொருள் சொல்வது வழக்கம்.

ஆனால் அந்தக் கதையின் மற்ற பாதியையும் சொல்ல வேண்டும். வேளைக்காரர்கள் இலங்கையிலும் இருந்தார்கள். சிங்கள அரசன் முதலாம் விசயபாகு சோழரைப் பொலன்னறுவையிலிருந்து விரட்டியவன். அவனிடமே இவர்கள் சம்பளத்துக்கு இருந்தார்கள். சோழநாட்டின்மேல் படையெடுக்கலாம் என்று அவன் கிளம்பியபோது இவர்கள் கலகம் செய்து அரண்மனைக்குத் தீ வைத்தார்கள் என்று இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. கலகத்தை அவன் கடுமையாக அடக்கினான். அதற்குப் பின், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே பொலன்னறுவையில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று பொறித்தார்கள். புத்தரின் பல் வைத்த கோயிலைக் காப்பது எங்கள் பொறுப்பு என்று வேளைக்காரர்கள் ஒப்புக்கொண்ட கல்வெட்டு. கோயிலுக்கே மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி என்று பெயர். தமிழ்ப் படை, சிங்கள அரசன் எடுத்த கோயில், பௌத்தப் பள்ளி. இன்றைக்கு இதையெல்லாம் யாரிடமாவது சொன்னால் மூன்று பக்கத்திலிருந்தும் அடி விழும்.

உயிரைக் கொடுப்பதும் அரண்மனைக்குத் தீ வைப்பதும் ஒரே கூட்டத்தால்தான் முடியும். தூரத்தில் இருப்பவனுக்கு இரண்டுக்கும் வாய்ப்பில்லை.

ஜூலை 3

வேளைக்காரன். ளகரம். எழுத்துப் பிழை என்று இதுவரை வந்த திருத்தங்கள் போதும்.

ஜூலை 10

"கருப்பசாமியைப் பரிவார தெய்வம் என்று சொல்வது எங்களுக்கு அவமானம்" என்று நீளமாக ஒருவர் எழுதியிருக்கிறார். கோபம் புரிகிறது. எனக்கும் சிவகங்கைப் பக்கம்தான் குலதெய்வம்.

எங்கள் கோயிலில் பெயர்ப்பலகையில் இருப்பவர் அய்யனார். பூசாரி வேளார். அய்யனாருக்கு மண்குதிரை செய்பவரும் அவர் வகையறாதான். புரவி எடுப்பின்போது புதுக்குதிரைகளைத் தோளில் தூக்கி வருவார்கள். தோளில் அழுத்தாமல் இருக்க மூங்கிலில் வைக்கோல் பிரி சுற்றியிருக்கும். கோயிலுக்கு வந்து சேரும்போது தூக்கியவர்களின் கழுத்து முழுவதும் வைக்கோல் துணுக்கு ஒட்டியிருக்கும். (பரி என்றால் குதிரை என்று சொன்னவர் இதைப் படித்து மகிழட்டும்.) அய்யனாருக்குப் பொங்கல், தேங்காய், பழம். சைவம். கருப்பருக்குக் கிடாய். கிடாய் வெட்டும் நேரத்தில் இரண்டு பேர் ஒரு வேட்டியை விரித்து அய்யனார் சன்னதி வாசலில் பிடித்துக்கொள்வார்கள். அய்யனார் பார்க்கக் கூடாதாம். சிறுவனாக இருந்தபோது வேட்டிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து அடி வாங்கியிருக்கிறேன். வேட்டி இறங்கியதும் எதுவுமே நடக்காத மாதிரி தீபாராதனை தொடரும்.

வரும் கூட்டத்தில் பத்துக்கு எட்டுப் பேர் கருப்பரைத் தேடி வருகிறவர்கள். சத்தியம் செய்வது கருப்பர் முன்னால். வழக்கு வைப்பது அவரிடம். கோர்ட்டில் பொய் சொல்கிறவனும் கருப்பர் படியில் நின்று பொய் சொல்லப் பயப்படுவான். அப்படியிருக்க அவர் எப்படிப் பரிவாரம் ஆனார்?

ஆனார் என்றுதான் நானும் சொல்வேன். பரிவாரம் என்பது அதிகாரத்தின் அளவைச் சொல்லும் சொல் இல்லை. யார் நடுவில், யார் சுற்றில் என்ற இடத்தைச் சொல்வது. ஆபீசில் மேலதிகாரியைவிட அவர் அறை வாசலில் உட்கார்ந்திருப்பவருக்குச் செல்வாக்கு அதிகம் என்பது நமக்குத் தெரியாததா? தெற்கே கூட இருக்கிற சாமிகளுக்கு 'இருபத்தொரு பந்தி, அறுபத்தொரு சேனை' என்று கணக்குச் சொல்வார்கள். பந்தி என்றால் சாப்பாட்டுக்கு உட்காரும் வரிசைதான். பரிவாரம் என்று வடமொழியில் சொன்னால் கீழே இறக்கிய மாதிரி இருக்கிறது. பந்தி என்றால் எல்லோரும் வரிசையில் உட்கார்ந்து படையலுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கிறது. கோபப்பட்டவர் வேண்டுமானால் பந்தி தெய்வம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 12

மேலே எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். எங்கள் கோயிலில் வயதானவர்கள் யாரும் பரிவாரம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'கூட இருக்கிற சாமிக', அவ்வளவுதான். பரிவார தெய்வம் என்பது நோட்டீஸ் அடிக்க ஆரம்பித்த பிறகு வந்த பேச்சு.

ஜூலை 28

ஏவல் கூட்டத்தின் பெயர் சமூகப் பெயராக நிலைத்துவிடுவது பற்றி ஒரு கேள்வி. அகம்படியைச் சொல்லிவிட்டேன். பரிவாரம் என்ற பெயரிலும் மதுரை, கோவைப் பக்கங்களில் சமூகம் உண்டு. கர்நாடகத்தில் பரிவாரா, தலவாரா என்ற இரண்டு பெயர்கள் நாயக்கா பழங்குடியின் மாற்றுப் பெயர்களாக ஒரு சட்டத் திருத்தத்தின் வழியே பட்டியலில் சேர்ந்தன. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதுவரை அந்தப் பெயரில் சான்றிதழ் வாங்கப் போனவர்கள் பட்டபாடு தனி. ஒரு காலத்தில் பாளையக்காரனைச் சுற்றி நின்றவர்கள் என்ற பெயர், பின்னால் சலுகை உண்டா இல்லையா என்று தீர்மானிக்கும் எழுத்தாக மாறியது. தலவாரா ஊர்க்காவல் சொல். நம் தலையாரிக்கு நெருக்கமானது.

சாதிப் பெருமை, சாதி இழிவு இரண்டையும் இங்கே கொண்டு வராதீர்கள். இரண்டையும் நீக்கிவிடுவேன்.

ஆகஸ்ட் 12

பேச்சு வழக்கில் இந்தச் சொல் இன்று எப்படி இருக்கிறது என்பதை யாரும் தொடவே இல்லை.

அரசியல் செய்தியில் 'பரிவாரங்களுடன் வந்து இறங்கினார்' என்று எழுதினால் பாராட்டா? இல்லை. நிருபருக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பிடித்தவராக இருந்தால் 'தொண்டர்கள் புடைசூழ' என்று எழுதியிருப்பார். புடைசூழ என்பதில் அன்பு இருக்கிறது, பரிவாரத்தில் செலவு இருக்கிறது. 'சங் பரிவார்' என்பதைத் தமிழ்ப் பத்திரிகைகள் 'சங் பரிவாரங்கள்' என்று எழுதும்போது இந்திக் குடும்பம் தமிழ் ஆள்படையாகிவிடுகிறது. எழுதுகிறவர்கள் அதைத் தெரிந்தே செய்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

சொந்தக்காரர்களிடம் இது இன்னும் கூர்மையாக வரும். விடுமுறைக்கு அத்தை குடும்பம் வந்தால், "பரிவாரத்தோட வந்துட்டா" என்று அம்மா அடுப்படியில் முணுமுணுப்பாள். அத்தை காதில் விழும்போது அதே கூட்டம் 'பிள்ளைகுட்டிகள்'. இந்திக்காரன் குடும்பத்தைப் பரிவாரம் என்று சொன்னால் பாசம், நாம் சொன்னால் வயிற்றெரிச்சல்.

ஆள் அம்பு என்ற தொடரை இளைஞர்கள் கேள்விப்பட்டதே இல்லை என்கிறார்கள். வேலையாட்களும் ஏவலாட்களும் என்று பொருள். 'ஆள் அம்போட வாழ்ந்த குடும்பம்' என்று எங்கள் பக்கம் நொடித்துப்போன வீட்டைக் காட்டிச் சொல்வார்கள். இறந்த காலத்தில் மட்டும் வாழும் தொடர் அது. நிகழ்காலத்துக்கு எடுபிடி, அல்லக்கை, கைத்தடி என்று ஏராளமாக இருக்கின்றன. இவையெல்லாம் ஒற்றை ஆளுக்கான சொற்கள் என்பதைப் பாருங்கள். பரிவாரம் கூட்டத்துக்கு. பரிவாரத்தில் ஒருவனைத் தனியாகப் பிரித்தால் அவனுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய் அல்லக்கை ஆகிவிடுகிறான்.

சினிமாவில் நடிகருடைய டச்சப், ஒப்பனை, உடை, சமையல், பவுன்சர் என்று ஒரு வண்டி நிறைய வருவார்களே, அவர்களுக்குத் தயாரிப்பாளர் தரப்பில் புழங்கும் சொல் 'ஸ்டாஃப்'. படி யார் கொடுப்பது என்ற தகராறில் அடிபடும் சொல். பரிவாரம் என்று சொன்னால் சண்டை வரும், ஸ்டாஃப் என்றால் பில் வரும்.

ஆகஸ்ட் 30

கும்பாபிஷேக நோட்டீஸில் என்ன போடுவது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 'விநாயகர், அய்யனார் மற்றும் பரிவார தெய்வங்களுக்கு' என்பது எல்லோரும் போடும் வாசகம். அச்சகத்தில் தயாராகவே வைத்திருப்பார்கள். ஆனால் சங்கிலிக்கருப்பு, சின்னக்கருப்பு, ராக்காச்சி, சப்பாணி என்று ஒவ்வொரு சாமியையும் ஒவ்வொரு வகையறா பார்த்துக்கொள்ளும் ஊரில் 'மற்றும்' என்ற சொல் வினையாகும். போன தடவை எங்கள் கோயிலில் அதுதான் நடந்தது. சப்பாணியைக் கும்பிடுகிற வீட்டார், எங்கள் சாமி உங்களுக்கு 'மற்றும்' ஆகிவிட்டதா என்று கோயிலுக்குக் கொடுத்த வரியைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்வி. வரி எல்லோரிடமும் ஒரே தொகைதானே வாங்கினீர்கள்? கடைசியில் எல்லாச் சாமிப் பெயரையும் சின்ன எழுத்தில் அடித்தார்கள். அய்யனார் படம் பாதியாகச் சுருங்கிப்போனது. ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

ஆகவே இடம் இருந்தால் பெயர்களைப் போடுங்கள். இல்லையென்றால் 'சகல பரிவார தெய்வங்களுக்கும்' என்று போட்டு, 'மற்றும்' என்பதை எடுத்துவிடுங்கள். அச்சகத்தில் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் வகையறா வாரியாக ஒரு தடவை படித்துக் காட்டிவிடுங்கள்.